வல்லமை பெற்ற பிறகு?

ஆசிரியருக்கு,

பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, உபவாசம், காத்திருப்பு, கைவைத்து ஜெபித்தல் என வல்லமை பெறும் வழிகளை விரிவாகச் சொன்னது. பெற்றதை வைத்து என்ன செய்வது என்பதற்கு ஒரே வரிதான். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

அப்போஸ்தலர் 4-இல் யூதத் தலைவர்களின் மிரட்டலுக்குப் பின் சபை ஜெபித்தது, இடம் அசைந்தது. நாம் அசைந்ததையே பிரசங்கிக்கிறோம். அந்நூலை எழுதிய லூக்காவோ அவர்கள் தைரியமாய் வசனம் சொன்னதையும், அவர்களில் ஒருவருக்கும் குறைவில்லாதிருந்ததையும் சேர்த்தே எழுதுகிறார். கொலோசெயர் 1:11-இல் விசுவாசிகள் எல்லா வல்லமையாலும் பலப்படவேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். எதற்கு? பொறுமைக்கும் நீடிய சாந்தத்துக்கும்! படுக்கையில் கிடப்பவரை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பவருக்கு வேண்டியதும் இதே வல்லமைதான். அவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

கூடுகைக்கான ஒழுங்கு 1 கொரிந்தியர் 14-இல் தெளிவாக இருக்கிறது. அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் தாம் கற்றிராத மொழியில் பேசுவோர் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக. அர்த்தம் சொல்ல ஆளில்லையென்றால் சபையில் மௌனம். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேரோடு நிற்க வேண்டும், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும், அதாவது சொன்னதைச் சோதித்தறிய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் காற்றில் விட்டுவிடுகிறோம். ஒருவருடைய திருமணத்தையோ வேலையையோ பற்றி ‘கர்த்தர் சொன்னார்’ என்று தனியறையில் சொல்லப்படுவதை யார் நிதானிப்பது? சபையை நடத்தும் மூப்பர்கள் இருவர் முன் சொல்லி, தேதியோடு எழுதி வைக்கட்டும். ‘ஆவியை அடக்க முடியவில்லை’ என்ற சாக்கும் செல்லாது. தீர்க்கதரிசிகளின் ஆவிகள் அவர்களுக்கு அடங்கியிருப்பதாக 32-ஆம் வசனம் சொல்கிறது.

சுகமளிக்கும் வரத்துக்கும் சோதனை உண்டு. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியர்களிடம் காண்பிக்கும்படி இயேசு அனுப்பினார். லேவியராகமம் 14-இன்படி பார்த்து உறுதிசெய்யும் பொறுப்பு ஆசாரியனுடையது. இன்று சுகம் பெற்றதாக நம்புகிறவர் மருத்துவரிடம் காட்டுவது அவிசுவாசமல்ல. மேடையிலிருந்து ‘மாத்திரையை எறியுங்கள்’ என்பதுதான் ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், உயிருக்கே உலை வைக்கலாம். இன்சுலினைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்துதான்.

அப்போஸ்தலர் 3-இல் பிறவிச் சப்பாணி சுகம்பெற்று நடந்தபோது, ‘எங்கள் சுயசக்தியினால் அல்ல’ என்று பேதுரு கூட்டத்தின் பார்வையைத் திருப்பிவிட்டார். நம் சுவரொட்டிகளில் ஊழியரின் முகம்தான் பெரிதாக இருக்கிறது.

நிதானித்தலைப் பற்றி, மூப்பர்களுக்குப் பயன்படும்படி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்