அறிவிப்புப் பலகையில் நம் பெயர்

அன்புள்ள செய்யாற்றானுக்கு,

நலம். கண் அறுவைக்குப் பிறகும் உன் கையெழுத்து கோழி கிளறிய முற்றம்போலவே இருப்பதால், கோளாறு கண்ணில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

பதில் தாமதமானதற்குப் பக்கத்துத் தெருத் தையற்காரரின் மகள் காரணம். அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. 2021-லிருந்து அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. அதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நான் வங்கியில் இருந்தவன் என்பதால், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லி வந்தாள். இல்லை, கூடவே போய் இணைத்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து கிளம்பியவள் வாசற்படியில் நின்று கேட்டாள்: “தாத்தா, நான் பணம் கட்டாமல் படிக்கிறேன் என்பது விடுதியில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமா?”

சட்டென்று பதில் வரவில்லை. நம் விடுதியின் அறிவிப்புப் பலகை கண்முன் வந்து நின்றுவிட்டது.

நாம் கல்லூரியில் சேர்ந்த 1982 ஜூன் நினைவிருக்கிறதா? ஊர்க் கணக்கு பார்த்த கர்ணம் பதவியை ஒழித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வருமானச் சான்றிதழுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் அப்பா ஒடுகத்தூருக்கும் தாலுகா ஆபீசுக்கும் நான்கு நடை நடந்தார். அப்போது நீயும் நானும் ஒரே வட ஆற்காடு. 1989-ல் உன்னைத் திருவண்ணாமலைப் பக்கம் தள்ளினார்கள். 2019-ல் எங்கள் வேலூர் மாவட்டத்தையே மூன்றாக வெட்டினார்கள். அதை விடு.

ஆண்டு தொடக்கத்தில் விண்ணப்பித்த உதவித்தொகை மாசி மாதம்தான் வரும். மெஸ் பில்லோ மாதம் பிறந்தால் பத்தாம் தேதிக்குள். டிவைடிங் சிஸ்டம் வேறு. பணக்காரப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கறி கேட்டால் அந்தச் செலவும் நம் தலையில் சமமாக விழும். பத்தாம் தேதி தாண்டியதும் பலகையில் பாக்கிப் பட்டியல் ஏறும். தட்டச்சு செய்த தாள், நான்கு மூலையிலும் குண்டூசி. ஊர்ப் பெயர் அகர வரிசையில் போட்டிருந்தால் என் ஒடுகத்தூர் உன் செய்யாற்றுக்கு முன்னால் போயிருக்கும். அவர்கள் பாக்கித் தொகை வரிசையில் போட்டதால் மூன்று வருடமும் முதலிடம் உனக்கு.

மெஸ் ரிடக்ஷன் கூத்தை என் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் ஊருக்குப் போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களின் காசைக் கழிப்பார்கள். நாம் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகவில்லை. பஸ் காசு ஏது? அறைக் கதவை உள்ளே தாழிட்டு, உன் அம்மா கொடுத்தனுப்பிய அவலை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றோம். இரண்டாம் நாள் இரவு ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டும் சத்தம். சமையற்காரர். ஒரு வார்த்தை பேசாமல் அலுமினியத் தூக்கை வைத்துவிட்டுப் போனார். உள்ளே ரசம் சாதம், அதன்மேல் நாம் தினமும் திட்டும் அதே இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். இன்றைக்கு அந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தத் தூக்கைத் திறந்தபோதே நாம் கொடுத்துவிட்டோம்.

பட்டியல் ஒட்டியது கொடுமைதான், சந்தேகமில்லை. இரண்டாம் ஆண்டில் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்ததை இன்றும் நான் மன்னிக்கவில்லை. அரசு அனுப்ப வேண்டிய பணம் வராததற்குப் பதினெட்டு வயதுப் பையன் ஆபீஸ் வராந்தாவில் நின்றான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்தத் தாள் இல்லாவிட்டால் நீயும் பாக்கிக்காரன் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து உன்னை ரைஸ்மில்காரர் மகன் என்றுதான் நினைத்திருந்தேன்.

படிப்பைத் தேர்ந்தெடுத்ததும் கையில் கிடைத்ததை வைத்துத்தான். வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், பிறகு சென்னையில் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததுதான் என்று சொல்வார்கள். அவருக்கும் உதவித்தொகைப் படிப்புதான். எனக்கு மாடி அறை சீனியர் விட்டுப்போன பொருளாதாரப் புத்தகங்கள் கிடைத்தன. அவர் குடியரசுத் தலைவரானார், நான் காசாளரானேன்.

சிரிக்காதே. அங்கேதான் என் மனத்தாங்கல் இருக்கிறது. கடைசித் தேர்வு முடிந்த அன்றே உதவித்தொகையும் முடிந்தது. எம்.ஏ. இடம் கிடைத்தும் நான் வங்கி வேலைக்கு ஆளெடுக்கும் பி.எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதி வங்கிக்குப் போனேன். தங்கைகளின் கல்யாணம் ஒரு காரணம்தான். தவறினால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை என்று மூன்று வருடம் நடந்த நடை காலிலேயே தங்கிவிட்டது. பதவி உயர்வில் வடக்கே போகச் சொன்னபோது இரண்டு முறை மறுத்தேன். ஊரில் யார் வீட்டுப் பிள்ளை ஃபீஸ் கேட்டு வந்தாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நீயும் ஆசிரியர் சம்பளத்தில் எத்தனை பேருக்குக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும்.

என் அக்காள் பேத்தி வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் திருச்சபையின் ஸ்பான்சர்ஷிப்பில் மருத்துவம் படித்தாள். முடித்ததும் அனுப்பிய சபையின் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒரு மலையடிவார ஊரில் இருக்கிறாள். காலண்டரில் நாளைக் கிழித்து எண்ணுகிறாளாம். அவள் அம்மா அதற்கு வருத்தப்படுகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு ஆண்டு என்று எழுதிவைத்த கடன்! நமக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதனால்தான் இந்த வயதிலும் கட்டி முடிந்ததா என்று தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தையற்காரர் மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது, மாதப் பணம் நேராகக் கணக்குக்கு வருகிறது, யாருக்கும் தெரியாது. நீயாக ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொல்லிவை” என்றேன். புரிந்ததோ என்னவோ, தலையாட்டினாள். போன ஞாயிறு விடுதியிலிருந்து போன் செய்தாள். மெஸ் ரிடக்ஷன் உண்டா என்று முதலில் அதைத்தான் விசாரித்தேன். “அப்படியென்றால் என்ன தாத்தா?” என்கிறாள்.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாயே, வா. ஆற்காட்டில் பஸ் மாறும்போது மக்கன்பேடா வாங்கிவிடாதே. எனக்குச் சர்க்கரை இருநூறைத் தாண்டிவிட்டது. சரி, இரண்டு மட்டும் வாங்கு.

உன்,
ஒடுகத்தூரான்