பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் இணைப்பில் ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தின் கதைச் சுருக்கம் வந்திருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதை முடித்த விதம் எனக்கு மனசு ஆறவில்லை. "கடைசியில் ஒடிசியஸ் ஊர் வந்து சேர்ந்தான், எதிரிகளைக் கொன்றான், மனைவி மகனோடு சுகமாக வாழ்ந்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் காவியத்தின் சரிபாதி போய்விட்டது.

ஒடிசி 24 பகுதிகள் கொண்டது, ஏறத்தாழ 12,000 அடி. ஒடிசியஸ் தன் சொந்தத் தீவான இத்தாகாவுக்கு வந்து சேர்வது 13ஆம் பகுதியில். தூங்கிக்கொண்டிருப்பவனை, கப்பலில் ஏற்றிவந்த ஃபீயேசிய மாலுமிகள் விரிப்போடு தூக்கி மணலில் படுக்கவைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெரும்பாலும் ஊருக்குள் நடக்கிற கதை. நீங்கள் விரிவாக எழுதிய ஒற்றைக்கண் அரக்கன், பாடி மயக்கும் சைரன்கள், ஆறு தலை ஸ்கில்லா எல்லாம் 9 முதல் 12 வரையான நான்கு பகுதிகளில் அடங்கிவிடும். அதுவும் விருந்து நடந்த வீட்டில் உட்கார்ந்து அவனே தன் வாயால் சொல்கிற பழைய கதை. முதல் நான்கு பகுதிகளில் அவன் கண்ணிலேயே படுவதில்லை. அப்பா இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாமல் மகன் டெலிமாக்கஸ் ஊர் ஊராகப் போய் விசாரிப்பதுதான் அங்கே கதை.

நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நூலகத்துக்கு வந்த சிறுவர் புத்தகங்களிலும் இந்தக் கதை இப்படித்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அரக்கன் பிடிக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். சரி, பிடிக்கும்தான். ஆனால் தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், ராசாப்பேட்டை என்று இந்தக் கரையோரப் பிள்ளைகளில் அப்பா வெளிநாட்டுப் படகில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு டெலிமாக்கஸைத் தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது.

"பத்து வருடம் கடலில் அலைந்தான்" என்றும் போட்டிருந்தீர்கள். அவன் போய்ச் சண்டையிட்ட ட்ராய் நகரப் போர் 10 ஆண்டு, திரும்பி வர 10 ஆண்டு, அது சரி. ஆனால் திரும்பி வந்த அந்த 10 ஆண்டில் 7 ஆண்டை அவன் கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் கழிக்கிறான். 5ஆம் பகுதியில்தான் நாயகனையே நாம் முதன்முதலாகப் பார்க்கிறோம். வாளும் இல்லை, வில்லும் இல்லை. கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான். கப்பல் கிடையாது, துடுப்புப் போட ஆள் கிடையாது. என்னோடு இரு, சாகாவரம் தருகிறேன் என்கிறாள் அவள். என் மனைவி பெனலோப்பி உன் அழகுக்கு ஈடில்லை, அது எனக்கும் தெரியும், ஆனாலும் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான் இவன்.

என் நாத்தனார் மகன் வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். படகு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இன்று நாளை என்று இழுத்தடித்தார். சாயங்காலம் போன் பேசுவான், பின்னால் அலைச் சத்தம் கேட்கும். "என்னடா பண்ற?" என்றால் "சும்மா உக்காந்திருக்கேன் அத்தை" என்பான். அவன் வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் 5ஆம் பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கு ராத்திரியில் தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்டான்.

அப்புறம் பெனலோப்பி. "பொறுமையாகக் காத்திருந்தாள்" என்று எழுதியிருந்தீர்கள். அவள் சும்மா காத்திருக்கவில்லை ஐயா. மணமுடிக்க வந்தோம் என்று 108 பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆட்டையும் மாட்டையும் அடித்துத் தின்று தீர்க்கிறார்கள். மாமனாருக்குப் பிணப்போர்வை நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு பிரிக்கிறாள். மூன்று ஆண்டு இப்படி ஓட்டுகிறாள். புருஷன் கூட இல்லாமல், மகன் வளரும்வரை ஒரு அரண்மனையைக் கலையாமல் பிடித்து நிறுத்தியவள் அவள்.

என் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அவர் இல்லாத காலத்தில் அம்மா சீட்டு எடுத்து, எங்கள் கூரை வீட்டை ஓட்டு வீடாக மாற்றினாள். அப்பாவுக்குப் போட்ட கடிதம் போய்ச் சேரவில்லை. ஒருநாள் இருட்டின பிறகு அவர் தோளில் பெட்டியோடு தெருவுக்குள் வந்தவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டியிடம் தன் பெயரைச் சொல்லி "அவர் வீடு எது?" என்று கேட்டாராம். வந்த பிறகும் குடிக்கிற தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் குடித்தார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், கப்பலில் அது அவருடைய டியூட்டி நேரம். இத்தாகாவில் கண் விழித்த ஒடிசியஸுக்கும் ஊர் அடையாளம் தெரியவில்லை. யாருடைய நாட்டில் கொண்டுவந்து இறக்கினார்களோ என்று தொடையில் அடித்துக்கொண்டு புலம்புகிறான். நூலகத்தில் அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அவனை அடையாளம் காண்பதுதான் அந்தப் பின்பாதி. பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். போருக்குப் போகும் முன் அவன் வளர்த்த ஆர்கோஸ் என்ற வேட்டை நாய் அங்கே சாணிக் குவியலின் மேல் உண்ணி மொய்க்கப் படுத்திருக்கிறது. குரல் கேட்டதும் வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, எழுந்து வரத்தான் தெம்பில்லை. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனாலும் கிட்டே போக முடியாது. கூட வருகிற பன்றி மேய்ப்பவன் யூமேயஸ் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். இருபதாம் ஆண்டில் எசமானைப் பார்த்துவிட்ட நாய் செத்துப்போகிறது. மொத்தமே சில பத்து அடிகள்தான். இதை விட்டுவிட்டு எப்படிக் கதைச் சுருக்கம் எழுத முடிந்தது?

வளர்த்த தாதி யூரிக்ளியா கால் கழுவும்போது தழும்பைத் தடவிக் கண்டுபிடிக்கிறாள். மனைவி மட்டும் கடைசிவரை நம்பவில்லை. எதிரிகள் செத்து, வீடு கழுவி, அவன் எதிரே உட்கார்ந்த பிறகும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு மனசு கல்லா என்று மகன் திட்டுகிறான். அவன் குளித்து வந்த பிறகு அவள் தாதியைக் கூப்பிட்டு, அவருடைய கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுப் படுக்கை விரி என்கிறாள். அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அந்தக் கட்டிலை எப்படி நகர்த்த முடியும்? முற்றத்தில் வேரோடு நின்ற ஒலிவ மரத்தைச் சுற்றி அறை கட்டி, அந்த அடிமரத்தையே காலாகச் செதுக்கி அவன் கையால் செய்த கட்டில் அது. அவர்கள் இருவரையும் ஒரு பணிப்பெண்ணையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத இந்த விஷயத்தை அவன் சொன்ன பிறகுதான் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் காவியத்தைப் பாடிய ஹோமர் சொல்லும் உவமையைக் கேளுங்கள். கப்பல் உடைந்து, உடம்பெல்லாம் உப்புப் படிந்து, நீந்திக் கரை கண்டவர்களுக்கு நிலம் எப்படி இனிக்குமோ அப்படி அவளுக்கு அவன் இனித்தானாம். கடலில் தத்தளித்ததாகக் கவிஞர் சொல்வது வீட்டுக்குள்ளேயே இருந்தவளை. மீனவர் வீட்டுப் பெண்கள் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்நியக் கதை, பின்பாதி பிள்ளைகளுக்குப் புரியாது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம் சங்க நூலான முல்லைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறேன். போருக்குப் போன அரசன் வருவானா என்று அறிய முதிய பெண்கள் ஊர்ப்புறத்தில் போய் நின்று விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்கிறார்கள். ஆய்ச்சி மகள் ஒருத்தி குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட கன்றிடம் "உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்" என்கிறாள். அது நற்சொல். ஒடிசியின் 20ஆம் பகுதியிலும் இதுவேதான் நடக்கிறது. எதிரிகளை எதிர்கொள்ள வேண்டிய நாள் விடிகிறது. வீட்டுக்குள் யாராவது வாயிலிருந்து ஒரு நற்சொல் வரட்டும் என்று ஒடிசியஸ் வேண்டிக்கொள்கிறான். மாவு அரைக்கும் பெண்கள் 12 பேரில் மற்றவர்கள் முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லாரிலும் பலம் குறைந்த ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். திரிகையை நிறுத்திவிட்டு, என் முட்டியை ஒடித்த இந்தக் கூட்டத்துக்கு இதுவே கடைசிச் சாப்பாடாக இருக்கட்டும் என்கிறாள். அவளுக்குத் தெரியாமலே அது அவனுக்கு விரிச்சியாகிவிடுகிறது. ஆய்ச்சி மகளும் மாவு அரைப்பவளும் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரிகள் என்றே எனக்குத் தோன்றும்.

புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடும் நமக்கு அடுத்த ஊர்தானே. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அங்கே ரோமானிய நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு வணிகர் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் பொதுகே என்று வரும் துறைமுகம் அதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் கிரேக்கம் படித்த பிள்ளைகளுக்குப் பள்ளிப்பாடமே ஹோமர்தான். இந்தக் கரைக்கு வந்து போனவர்களில் ஒருவராவது நங்கூரம் போட்ட கப்பலில் படுத்துக்கொண்டு இத்தாகாவை நினைத்திருக்க மாட்டாரா?

"சுகமாக வாழ்ந்தான்" என்பதும் சரியில்லை. மனைவியோடு சேர்ந்த அந்த ராத்திரியிலேயே, மறுபடி போக வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிடுகிறான். இறந்தவர் உலகில் டைரீசியஸ் என்ற குறி சொல்பவர் அவனுக்குச் சொன்ன வாக்கு அது. ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கடலையே பார்க்காத ஊரில் யாராவது ஒருவன் அதைப் பார்த்து, தானியம் தூற்றுகிற சாமானா தோளில் இருப்பது என்று கேட்பான். அங்கே துடுப்பை நட்டுவிட்டு, கடல் தெய்வம் பொசைடனுக்குப் பலி கொடுத்துத் திரும்ப வேண்டும். நம் ஊரில் என்றால் விருத்தாசலம் தாண்டியும் நடக்க வேண்டியிருக்கும். லீவு முடிந்து அப்பா பெட்டி கட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த ராத்திரிப் பேச்சு எனக்குப் புதிதாக இல்லை.

கடைசிப் பகுதியில் வயதான தகப்பன் லேர்ட்டீஸ் ஒட்டுப்போட்ட உடையோடு தோட்டத்தில் ஒரு செடிக்கு மண் கொத்திக்கொண்டிருக்கிறார். மகன் என்று நம்ப ஏதாவது அடையாளம் சொல் என்கிறார். தழும்பைக் காட்டுகிறான். அப்புறம் மரங்களைச் சொல்கிறான். சிறுவனாக அவர் பின்னாலேயே நடந்தபோது அவனுக்கென்று அவர் கொடுத்தவை: 13 பேரி மரம், 10 ஆப்பிள் மரம், 40 அத்தி மரம், 50 வரிசைத் திராட்சை. கிழவருக்கு முட்டி தளர்ந்துவிடுகிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் பண்ருட்டிப் பக்கம் எங்கள் உறவுக்காரர் தோப்புக்குப் போனோம். சாய்ந்து கிடந்த பலா மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது அப்பா வைத்தது, இது தங்கச்சி பிறந்த வருஷம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே போனார் அவர். லேர்ட்டீஸை நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பின்பாதியில் எனக்கு ஒப்பாததும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எதிரிகளோடு சேர்ந்தார்கள் என்று பணிப்பெண்கள் 12 பேரை முதலில் பிணங்களைத் தூக்கச் சொல்லி, ரத்தம் கழுவச் சொல்லி, அப்புறம் ஒரே கயிற்றில் தூக்கிலிடுகிறான் டெலிமாக்கஸ். அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். அந்த 108 பேருக்கு மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு என்ன வழி இருந்தது? சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லி, இது நியாயமா என்று அவர்களையே கேட்க வேண்டும். நாயகன் வீடு என்பதற்காக அதை நியாயப்படுத்திவிடக் கூடாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அதே சிறுவர் இணைப்பில் 13 முதல் 24 வரையான பகுதிகளைத் தொடராக, வாரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரு வாரம் நாய், ஒரு வாரம் கட்டில், ஒரு வாரம் தோட்டம் என்று பிரித்தாலும் போதும். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். தொடர் வரும் காலம் முழுக்க ஞாயிறு சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளை என் வீட்டுத் திண்ணையில் கூட்டி வைத்து அதைச் சத்தமாக வாசிக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
கடலூர் முதுநகர்.