ஓடுகிற புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி மலரில், சி என்ற கம்ப்யூட்டர் மொழியெல்லாம் இனி எதற்கு என்ற தொனியில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒயிட்ஃபீல்டில் 20 வருடம் அந்த சி போட்ட சோற்றைத் தின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

2011-இல் எங்கள் பில்லிங் புரோகிராம் சாயங்காலமானால் திணறும். ரீஸ்டார்ட் செய்ய அனுமதி கிடையாது. பிழை தேடும் டீபக்கரைக் கோர்த்தால் புரோகிராமே நின்றுவிடும். நல்லவேளை, மெஷினில் இருந்தது சொலாரிஸ் 10 ஆப்பரேட்டிங் சிஸ்டம். சன் நிறுவனம் 2005-இல் அதோடு கொடுத்த டிட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவி கையில் இருந்தது. 'இந்த ஃபங்ஷனுக்குள் (புரோகிராமின் இந்தப் பகுதிக்குள்) நுழையும்போதெல்லாம் எனக்குச் சொல்' என்று, ஓடுகிற புரோகிராமிடமே கேட்கலாம்.

நான் பார்த்தது, வேலைகள் காத்திருக்கும் வரிசையான க்யூவைக் கையாளும் ஃபங்ஷனை. அதற்கு வருவது க்யூ ஸ்ட்ரக்சரின் (க்யூவின் விவரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் தொகுப்பின்) மெமரி முகவரி மட்டும்தான். டிட்ரேஸ் உட்கார்ந்திருப்பதோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலில்; அந்த முகவரியை நேரே தொட முடியாது. காப்பிஇன் என்ற கட்டளை போட்டு பைட்டுகளை இந்தப் பக்கம் எடுத்து, இது இன்ன ஸ்ட்ரக்சர் என்று சொல்லிப் பிரிக்க வேண்டும். பிரித்தேன். க்யூவில் எத்தனை என்றால் எப்போது பார்த்தாலும் 500. நிரம்பி வழிகிறது என்று மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன்.

கூட இருந்த காரைக்குடிப் பெண்தான் கேட்டாள்: "சார், 500-லேர்ந்து ஒண்ணுகூட ஏறி இறங்கலையே?"

தர்ஷினி ஹோட்டலில் காபி குடித்தபடி பில்லின் பின்பக்கம் கட்டம் போட்டோம். ஸ்ட்ரக்சரில் முதலில் பெயருக்கான பாயிண்டர் (பெயர் இருக்கும் முகவரி), அடுத்து எண்ணிக்கை, அதற்கடுத்து க்யூ தாங்கும் உச்சவரம்பான 500. புரோகிராம் 32 பிட், பாயிண்டருக்கு 4 பைட். டிட்ரேஸுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டோ 64 பிட் கர்னலின் கணக்கில் 8 பைட் ஒதுக்கியிருந்தது. அதனால் 4 பைட் தள்ளிப் படித்து, எண்ணிக்கை என்று நான் பார்த்ததெல்லாம் உச்சவரம்பு! பாயிண்டர் இருந்த இடத்தில் 32 பிட் முழு எண் என்று மாற்றியதும் 3, 2, 4 என்று வந்தது. க்யூ கிட்டத்தட்ட காலி; கோளாறு டேட்டாபேஸ் பக்கம். மேனேஜர் முன்னால் மறுபடி போய் நின்ற கதை வேண்டாம்.

இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகள் சி-யில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறார்கள். ஸ்ட்ரக்சர் மெமரியில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்றால் விழிக்கிறார்கள். லினக்ஸில் இப்போது டிட்ரேஸ் மாதிரியான பிபிஎஃப்ட்ரேஸ் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரிகள் ஒரு லேப் மெஷினை ரூட் (முழு அதிகார) அனுமதியோடு ஒரு மத்தியானம் விட்டுக்கொடுத்தால் போதும். கட்டுரையாளர் அடுத்த வாரம் தொடர்ந்தால், பேராசிரியர்களிடம் இதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மென்பொருள் பொறியாளர்,
அல்சூர், பெங்களூரு