எபிகூரஸுக்கு ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலகத் தத்துவங்கள் கட்டுரையில் பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: தின்று, குடித்து, அனுபவிக்கச் சொன்னவராம். அந்த ஒரு வரியும் சரியில்லை.

கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு குடியிருந்த மனிதர் அவர். பெண்களும் அடிமைகளும்கூட அங்கே சேர்ந்து படித்தார்கள். அன்றைய ஏதென்ஸில் இது சாதாரண விஷயமில்லை. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும். ‘ஒரு சின்னச் சட்டியில் பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்ற பொருளில் நண்பருக்கு எழுதியிருக்கிறார். இவரா போகத்தில் திளைத்தவர்?

மெனோய்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் சொல்லும் இன்பம் குடியும் கூத்தும் அல்ல, உடம்பில் வலியும் மனத்தில் கலக்கமும் இல்லாமல் இருப்பதுதான் என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறார். அதாவது, அவர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பழிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. பள்ளியை விட்டு வெளியேறிய திமோகிரேட்டஸ் என்ற மாணவர், குரு மூக்குமுட்டத் தின்று தினம் இரண்டு முறை வாந்தி எடுப்பார் என்று எழுதிவைத்தார். டியோடிமஸ் என்ற ஸ்டோயிக்வாதி (எபிகூரஸுக்குப் போட்டியான தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்) இன்னும் ஒரு படி மேலே போய், 50 ஆபாசக் கடிதங்களை எபிகூரஸ் பெயரில் தானே எழுதி உலவவிட்டாராம். இரண்டையும், தத்துவஞானிகளின் வரலாறுகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயேர்டியஸ் பதிவு செய்திருக்கிறார். எபிகூரஸ் எழுதிய சுமார் 300 சுருள்களில் முழுதாக நமக்குக் கிடைப்பவை மூன்று கடிதங்களும் சில வாசகங்களும்தான். அவதூறு மட்டும் உங்கள் கட்டுரைவரை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

கடவுளையும் மறுமையையும் ஏற்காத நம் பழைய பொருள்முதல்வாதிகளான லோகாயதருக்கும் இதே கதிதான். கடன் வாங்கியாவது நெய் குடி என்பதுதான் அவர்கள் தத்துவம் என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். அதைப் பரப்பியது, 14ஆம் நூற்றாண்டில் பல தத்துவங்களையும் தொகுத்து எழுதிய மாதவர் என்ற வேதாந்தியின் நூல். அவர் லோகாயதரின் எதிர்த்தரப்புக்காரர்.

சீத்தலைச் சாத்தனார் பௌத்தர். ஆனாலும் மணிமேகலையில், லோகாயதருக்கு நெருக்கமான பூதவாதியைப் பேசவிட்டுத்தான் மறுக்கிறார். தாதகிப் பூவும் கருப்பட்டியும் மற்றவையும் கூடினால் கள்ளில் களிப்பு பிறப்பதைப் போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, நேரில் காண்பதே உண்மை என்கிறான் அவன். உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை. எனக்குப் பூதவாதியின் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் அந்த மடக்கு ஜோரான மடக்கு.

அடுத்த இதழில் ஸ்டோயிக்குகள் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் மெனோய்கியஸ் கடிதத்தைத் தமிழில் முழுதாக வெளியிடுங்கள். நான்கைந்து பக்கம்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்