முனை அடையாளம் இல்லாமல் வந்த 5 எச்.பி. மோட்டார் குறித்துப் புகார்

அனுப்புநர்: மேலாளர், காபித் தோட்டம், ஏற்காடு
பெறுநர்: விற்பனை மேலாளர், ரீவைண்டிங் மோட்டார் விற்பனையகம், சேலம்

ஐயா,

எங்கள் பல்பருக்காக (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) உங்களிடம் வாங்கிய 5 எச்.பி., 1440 ஆர்.பி.எம். பழைய மோட்டாரில் நேம் பிளேட் இல்லை. வெளியே வரும் ஆறு லீடு வயரும் ஒரே கறுப்பு, ஒன்றிலும் எண் ஸ்லீவ் (எண் எழுதிய சிறு உறை) இல்லை. உங்கள் ஆட்களே டெல்டாவாக (மோட்டாரின் மூன்று காயிலையும், அதாவது கம்பிச் சுருளையும், முக்கோணமாக) சேர்த்து டேப் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஸ்டார்டரைப் போட்டதும் மோட்டார் உறுமியது, வேகம் பிடிக்கவில்லை. மூன்று ஃபேஸிலும் மூன்று விதமான ஆம்பியர். 7.5 ஆம்பியரில் வைத்திருந்த ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி) சில நொடியில் ட்ரிப் ஆனது.

போனில் கேட்டதற்கு, "ரெண்டு ஃபேஸை மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார் உங்கள் டெக்னீஷியன். சப்ளையில் இரண்டு ஃபேஸை மாற்றினால் சுழலும் திசைதான் மாறும். உள்ளே ஒரு காயில் தலைகீழாக இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். ரீவைண்டிங் (காயிலை மறுபடி சுற்றும்) கடையில் இருப்பவர் இதைச் சொல்லலாமா?

எங்கள் எலக்ட்ரீஷியன் ஜாயிண்டுகளைப் பிரித்து மல்டிமீட்டரில் பார்த்தார். ஒரு காயிலுக்கு இரண்டு முனை என்று மூன்று ஜோடி கிடைத்தது: 3.8, 3.8, 3.9 ஓம். மெக்கரில் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) பாடிக்குக் கசிவு இல்லை. எனவே காயில் நன்றாகவே இருக்கிறது, குறை இணைப்பில். அடுத்து, இரண்டு காயிலைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்து, மூன்றாவதன் முனைகளில் ஏ.சி. வோல்ட் அளந்தார். ஒரு காயிலின் ஸ்டார்டிங் முனையும் மற்றதன் எண்டிங் முனையும் சேர்ந்திருந்தால் மூன்றாவதில் வோல்ட் வரும். எண்டிங்கும் எண்டிங்கும் சேர்ந்திருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு காயில் சேர்த்த ஓர் இணைப்பில் 9 வோல்ட், உங்கள் ஜாயிண்டுப்படி சேர்த்த இன்னோர் இணைப்பில் 0.3. அந்த ஒரு காயிலைத் திருப்பியபின் யு1, வி1, டபிள்யூ1 (ஸ்டார்டிங்), யு2, வி2, டபிள்யூ2 (எண்டிங்) என்று ஸ்லீவ் மாட்டி, யு1-டபிள்யூ2, வி1-யு2, டபிள்யூ1-வி2 என்று டெல்டா போட்டார். லோடு இல்லாமல் ஓட்டியபோது மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சமமாக வந்தது.

எந்த முனைக்கு எது ஜோடி என்று தெரிந்த பிறகும் காயில்களைச் சேர்க்க நான்கு வகை உண்டு, அதில் ஒன்றுதான் சரி. சுற்றும்போது உங்கள் ஆளுக்கு எந்த முனை எது என்று கண்ணெதிரே தெரியும். வார்னிஷ் போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஆறு ஸ்லீவுக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசுகூட வராது.

இப்போது நீங்கள் சொல்வது: "லீடைப் பிரித்தால் வாரண்டி இல்லை". தவறான ஜாயிண்டைப் பிரிக்காமல் எப்படிச் சரிசெய்வது? அறுவடை நாளில் பறித்த பழத்தை அன்றே பல்பரில் போடாவிட்டால் புளித்துவிடும். உங்கள் ஆள் மலையேறி வரும்வரை பழம் காத்திருக்காது.

நாங்கள் கேட்பது: எலக்ட்ரீஷியன் கூலி ரூ.1,200-ஐத் திருப்பித் தாருங்கள். வாரண்டி செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். லீடுகளைப் பூட்ட ஆறு ஸ்டட் (போல்ட்) உள்ள டெர்மினல் போர்டு ஒன்று அனுப்புங்கள். முக்கியமாக, காயில் 415 வோல்ட் டெல்டாவுக்குத்தான் சுற்றப்பட்டதா என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். ஸ்டாருக்கு (மூன்று காயிலின் ஒரு முனையை ஒரே இடத்தில் சேர்ப்பது) சுற்றியதாக இருந்தால் ஒவ்வொரு காயிலும் 240-க்குப் பதில் 415 வோல்ட் வாங்கி எரிந்துவிடும். பதில் வரும்வரை மோட்டாரை பல்பரில் பூட்டப்போவதில்லை.

பில் நகலும் பிரித்த ஜாயிண்டின் படமும் இணைப்பில்.

இப்படிக்கு,
தோட்ட மேலாளர்