வெரோனாவில் அறத்தொடு நிற்க ஒருவரும் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று நீ ஃபோனை வைத்ததிலிருந்து நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப் போவதில்லை. நான் கல்லூரியில் ஆண்டுதோறும் நடத்தியதும் நீ பரீட்சைக்குப் படித்ததுமான ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

வெரோனா நகரத்துப் பகைக் குடும்பங்களில் பிறந்து, மறைவாக மணந்துகொண்ட அந்தப் பிள்ளைகள் அறிவை உணர்ச்சி வென்றதால் மாண்டார்கள் என்றுதான் நோட்ஸ் புத்தகங்களில் விடை இருக்கும். அந்த விடை எனக்கு ஒருநாளும் நிறைவைத் தந்ததில்லை. ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிறையவில்லை. ஆனாலும் மாடத்தில் நின்று பேசிய முதல் இரவிலேயே, இது மிகவும் அவசரமானது, மின்னலைப் போலத் திடீரென்று வருவது என்று அவள்தான் சொல்கிறாள். வேறொரு திருமணத்திலிருந்து தப்ப, இறந்தவளைப் போல உறங்கவைக்கும் மருந்தைப் பாதிரியாரிடம் வாங்கி வந்து, அதைக் குடிக்கும் முன் தன் அறையில் தனியாக நின்று அவள் எண்ணிப் பார்ப்பவற்றை நீ மறுபடி படிக்க வேண்டும். மருந்து வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு, ஒரு குறுவாளை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறாள். பாதிரியார் தம் பெயரைக் காத்துக்கொள்ள நஞ்சையே கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று சந்தேகப்பட்டு, அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று தானே தெளிகிறாள். ரோமியோ வருவதற்குள் கல்லறைக்குள் விழித்துக்கொண்டால் மூச்சு முட்டிவிடுமோ என்று அஞ்சுகிறாள். இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பெண்ணை யோசிக்காதவள் என்று யாரால் சொல்ல முடியும்? நீயும் சிறு வயதிலிருந்தே எதையும் இப்படி நான்கு பக்கமும் பார்த்து முடிவெடுப்பவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. தனியாகவே யோசித்து முடித்துவிடுகிறாய் என்பதுதான் என் குறை.

ரோமியோவை நான் அவ்வளவு எளிதாக விடமாட்டேன். வெரோனாவிலிருந்து வெளியேற்றப்பட்டு மாண்டுவா நகரில் இருந்தவனிடம் பணியாள் வந்து ஜூலியட் இறந்துவிட்டாள் என்று சொல்கிறான். பொறுமையாக இருங்கள் என்று அவனே கெஞ்சவும் செய்கிறான். பாதிரியாரிடமிருந்து கடிதம் எதுவும் இல்லையா என்று ரோமியோ கேட்கிறான். இல்லை என்றதும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பசியில் வாடிய மருந்துக் கடைக்காரனுக்கு 40 டுகாட் பொற்காசு கொடுத்து நஞ்சு வாங்குகிறான். அவள் உறங்கத்தான் செய்கிறாள் என்று சொல்லும் பாதிரியாரின் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டிய துறவியோ, கொள்ளைநோய் அச்சத்தால் வெரோனாவிலேயே ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருந்தார். கடிதம் ஏன் வரவில்லை என்று ரோமியோ விசாரித்திருக்கலாம். எந்த முடிவானாலும், வரவேண்டிய ஒரு சொல் வந்துசேரும்வரை காத்திரு, மகளே.

இனி பெரியவர்களின் அவசரத்துக்கு வருகிறேன். 1562-இல் ஆர்தர் புரூக் எழுதிய கவிதையில் மாதக்கணக்கில் நடக்கும் கதையை ஷேக்ஸ்பியர் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் விடியலுக்குள் அடக்கிவிட்டார். அந்த அவசரத்தில் பெரும்பங்கு பெரியவர்களுடையது. மகளின் சம்மதம் வேண்டும், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்று, அவளைப் பெண் கேட்டு வந்த பாரிஸ் என்பவனிடம் முதலில் நிதானமாகச் சொன்ன தந்தை, பிறகு அவளைக் கேட்காமலே வியாழனன்று திருமணம் என்கிறார். அவள் மறுத்தால், தெருவில் கிடந்து சாகட்டும் என்கிறார். பணிந்து வந்தாலோ, திருமணத்தைப் புதன்கிழமைக்கே மாற்றிவிடுகிறார். 42 மணி நேர உறக்கத்தைக் கணக்கிட்டுப் போட்ட திட்டத்தில் ஒரு நாள் அப்படியே பறிபோகிறது. நிதானமாகப் போக வேண்டும் என்று உபதேசம் செய்த பாதிரியாரும் அன்றே திருமணத்தை நடத்தி வைத்தவர்தான். ஊரறியச் சொல்லியிருக்க வேண்டியதை அவர் மருந்துக் குப்பிக்குள் மறைத்தார். கடைசியில் அவளைக் கல்லறையில் விட்டுவிட்டு ஓடுகிறார்.

என்னை மிகவும் வருத்துபவள் அந்தச் செவிலிதான். தன் மகள் சூசனைப் பறிகொடுத்து, ஜூலியட்டுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். நடந்தது முழுவதும் தெரிந்தவளும் அவளே. நம் சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில், தலைவி மெலிவதைக் கண்டு வளர்த்த தாயான செவிலி கலங்கும்போது, தோழி "அன்னாய் வாழி" என்று தொடங்கி நடந்ததை மறைக்காமல் செவிலியிடம் சொல்கிறாள். தோழி செவிலிக்கும், செவிலி பெற்றவளான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வதே அறத்தொடு நிற்றல். உணர்ச்சியால் பிறந்த ஒன்றை அறிவோடு வீட்டுக்குள் கொண்டுவர நம் முன்னோர் அப்படி ஒரு வழியை வைத்திருந்தார்கள். வெரோனாவில் அந்தச் சங்கிலி செவிலியிடமே அறுந்துபோனது. ரோமியோவை மறந்துவிட்டுப் பாரிஸை மணந்துகொள் என்று அவள் சொல்லிவிடுகிறாள். பெற்றவளோ, என்னிடம் பேசாதே, உன் விருப்பப்படி செய், உன்னோடு எனக்கு இனி எதுவும் இல்லை என்று திரும்பிக்கொள்கிறாள். அந்த வரியை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் இருக்கும் பெண்களின் முகங்களைப் பார்ப்பேன். அவர்கள் ரோமியோ சாகும் இடத்தைவிட இந்த இடத்தில்தான் அதிகம் வாடிப்போவார்கள்.

வரும் தை மாதமே நல்லது என்று அப்பா நாள் பார்க்கத் தொடங்கியிருப்பது உனக்குத் தெரியும். பெண் கேட்டவர்களுக்கு இதுவரை பதில் எதுவும் போகவில்லை. உன்னிடமிருந்து சொல் வராமல் போகவும் போகாது. பெரியத்தை விஷயத்தில் நடந்ததை நினைத்து நீ அஞ்ச வேண்டாம். அப்பா கோபப்படுவார், பிறகு கேட்பார். அவரிடம் பேசுவது என் பொறுப்பு. நீ சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், பெயரும் ஊரும் உட்பட, முதலில் என்னிடம் சொல். ஃபோனில் முடியாவிட்டால் எழுது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சந்தைக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சரி.

அன்புடன்,
அம்மா