கல்யாண நிகழ்ச்சி நிரல்: வீட்டிலேயே அச்சடிக்க

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்பச் சந்தோஷம். நிகழ்ச்சி நிரலை வீட்டிலேயே அச்சடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கணினியைத் திறக்கும் முன் காகிதத்தை முடிவு பண்ணு. பலரும் பூவும் கொடியும் வரைந்து முடித்த பிறகுதான் காகிதம் தேடுவார்கள்.

ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம்; அதுவே போதும் என்பது என் கட்சி. வெற்றுத்தாள் ஒன்றை மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதி, விரித்துப் பார். வெளிப்புறம் இடது பாதியில் 4, வலது பாதியில் 1. உள்ளே 2, 3. இந்த மாதிரித்தாளை மேஜையிலேயே வைத்துக்கொள். எட்டுப் பக்கம் வேண்டுமானால் இரண்டு தாள்: ஒன்றில் 8-1, அதன் பின்னால் 2-7, மற்றதில் 6-3, பின்னால் 4-5. ஆறு பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறதா? நான்காகச் சுருக்கு. இருபுறமும் அச்சிடும்போது 'குறுகிய ஓரத்தில் புரட்டு' என்பதைத் தேர்ந்தெடு. நீள ஓரத்தைத் தேர்ந்தெடுத்தால் உள்பக்கம் தலைகீழாக வரும்.

காகிதம் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் நல்லது. 80-இல் பின்பக்க எழுத்து தெரியும். 200-க்கு மேல் போனால் பல வீட்டு பிரிண்டர்கள் இழுக்காது. உன் பிரிண்டரின் கையேட்டில் அதிகபட்ச எடை இருக்கும், பார்த்துவிட்டு வாங்கு. இங்க்ஜெட் என்றால் அதற்கென்று குறிப்பிடாத பளபளப்புத் தாள் வேண்டாம். மை காயாமல் விரலில் ஒட்டும். லேசர் என்றால் மடிப்பு வரும் இடத்தில் அடர்நிறம் கூடாது. டோனர் என்ற அதன் மைத்தூள் தாளுக்கு மேலே படிவதுதான், மடித்ததும் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும்.

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்: நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, இழை அந்த வளைவின் கோட்டோடு ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் விழுந்தால் வழவழப்பாக இருக்கும். குறுக்கே விழுந்தால் விளிம்பு வெடித்து நார் தெரியும். ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில்தான் ஓடும், நமக்கு வேண்டியதோ அகலவாக்கில். அதனால் கோடு கீறாமல் மடிக்காதே. இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே இழுப்பில் அழுத்து. பின்பக்கம் சின்ன மேடு எழும்பும். அந்த மேடு உள்ளே வரும்படி மடி. எதிர்ப்பக்கம் மடிக்கத்தான் கை போகும், விடாதே.

நான்கு ஓரமும் 12 மில்லிமீட்டராவது விடு. பெரும்பாலான பிரிண்டர்கள் விளிம்புவரை அச்சிடாது. எழுத்தின் அளவு 13 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், பெரியவர்கள் மங்கலான வெளிச்சத்தில் படிப்பார்கள். மெல்லிய அலங்கார எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், பார்த்துக்கொள். யூனிகோடில் அடித்து, எழுத்துரு உள்பொதிந்த பிடிஎஃப் ஆக்கிவிட்டு அச்சிடு. இல்லாவிட்டால் வேறு கணினியில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

சடங்குகளின் வரிசையைப் போடு, கடிகார நேரம் போடாதே. எந்தக் கல்யாணம் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது? பிழை வருவது பெயர்களில்தான். இனிஷியல் உள்பட ஒவ்வொரு பெயரையும் அந்தந்த வீட்டாரிடமே காட்டி ஒப்புதல் வாங்கு. வடிவமைத்த கண்ணுக்குப் பிழை தெரியாது; வேறொருவர் உரக்கப் படிக்கட்டும்.

தலைக்கு ஒன்று தேவையில்லை. சேர்ந்து வருகிறவர்கள் ஒன்றையே பார்ப்பார்கள். 200 பேர் என்றால் 130 போதும், வீணாவதற்குப் பத்துப் பதினைந்து தாள் கூடுதலாக வை.

எட்டுப் பக்கமானால் நூல் தையல்தான் அழகு. மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விட்டு, மேல்துளை வழியே உள்ளே வா. நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், மறுபடி நடுவில் உள்ளே வந்து, உள்ளே ஓடும் நீண்ட இழையை நடுவில் பிடித்து, நூலின் இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போடு. ஒவ்வொன்றுக்கும் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நூல், அதாவது சுமார் 53 சென்டிமீட்டர்.

மடித்தவற்றைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வை. மொத்தமாக அடிக்கும் முன் ஒன்றே ஒன்று அச்சிட்டு, மடித்து, படம் எடுத்து அனுப்பு. மடிப்பு ஓரம் கிட்டத்தில் தெரியட்டும்.

அன்புடன்,
கமலா